சாரதி இறங்கி நடந்த நாற்பது அடி

விசாரணையில் கேட்கப்பட்ட முதல் கேள்வி: "சாரதி ஏன் லொறியை விட்டு இறங்கினார்?"

நல்ல கேள்வி. சுருக்கமானது. தமிழிலும் சிங்களத்திலும் ஏறக்குறைய ஒரே இடத்தைப் பிடிப்பது. விடையும் ஒன்றரை வரியில் அடங்கிவிடும். அந்த ஒன்றரை வரியில் ஒரு மனிதரின் வேலை போகவிருந்தது.

மின்கம்பி வேலைக்குப் போர்மனாகப் புதிதாய்ப் பொறுப்பெடுக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். முழங்கால் கைவிட்டதால் ஐம்பத்தைந்திலேயே ஓய்வெடுத்துக்கொண்டவன் நான், நேரம் இருக்கிறது. கம்பி இழுப்பது எப்படி என்று எழுத மாட்டேன். அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரியாவிட்டால் கம்பியே சொல்லித் தரும். அந்தச் சாரதி நடந்த நாற்பது அடியைப் பற்றி எழுதுகிறேன்.

மன்னாரில் காற்று ஆண்டு முழுவதும் வேலைக்கு வருகிறது, லீவு எடுப்பதில்லை. உப்பும் அப்படியே. இரண்டும் சேர்ந்து கம்பியைத் தின்னும், நாங்கள் போய்க் கட்டுவோம், அவை மறுபடி தின்னும். இந்த ஏற்பாட்டில் நாங்கள் நான்கு பேர். கம்பத்தில் ஏறுபவர் யூட், முருங்கன்காரர், முப்பத்தெட்டு வயது. கீழே நின்று கயிறு பிடித்து, கேட்ட சாமானை மேலே அனுப்புபவர் தவம். லொறி ஓட்டுபவர் ஹனீபா நானா. தாராபுரத்துக்காரர், என்னைவிட நான்கு வயது மூத்தவர், நிரந்தர நியமனம் இல்லாதவர். ஒவ்வொரு வருடமும் ஒரு கடிதம் வந்தால்தான் அடுத்த வருடமும் அவர் சாரதி. நான்காவது ஆள் நான். கை காட்டுவது என் வேலை.

எங்களுடையது சிரிக்கிற குழு. மற்றக் குழுக்கள் எங்களைப் பார்த்துப் பொறாமைப்படுவதாக நான் நம்பினேன். காலை எட்டு மணிக்கு அன்றைய வேலையைச் சொல்லிவிட்டு, "ஏதும் கேள்வி இருக்கோ?" என்பேன். இருக்காது. பதினொரு வருடம் இருக்கவில்லை. நான் அவ்வளவு தெளிவாக விளக்குகிறேன் என்று நினைத்திருந்தேன்.

எங்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. வேலை தொடங்குமுன் ட்ரான்ஸ்போர்மரின் பியூஸ்களைக் கழற்றுவோம் அல்லவா, அவற்றை லொறியில் வைக்க மாட்டோம். ஏறுபவர் தன் தோள்பையில் போட்டுக்கொண்டே ஏறுவார். மின்சாரம் வரவேண்டுமென்றால் அவரே இறங்கிவந்து தன் கையால் மாட்ட வேண்டும். யூட் பையைத் தட்டிக் காட்டிவிட்டு ஏறுவார். அந்தத் தட்டல் எங்களுக்குப் போதுமாயிருந்தது. மின்சாரம் எந்த வழியால் வந்தாலும் அந்தப் பையிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் வரும் என்று நால்வரும் நம்பினோம்.

தை மாதம் ஒருநாள் யூட் மேலே நிற்கிறார். லொறிக்குள்ளிருந்து ஹனீபா நானா தலையை வெளியே போட்டுக் கத்தினார்.

"யூட்! இறங்கு! அந்த வீட்டில லைட் எரியுது! இறங்கடா!"

யூட் இறங்கினார். நான் அந்த வீட்டுக்குப் போனேன். ஒரு பெண் மேசையிலிருந்த விளக்கைத் தூக்கிக் காட்டினாள். "இது வெயிலில வைக்கிற லைட். மகன் கட்டாரிலயிருந்து அனுப்பினவன். வேணுமெண்டா பாருங்கோ, வயரே இல்லை."

வயர் இல்லை. அரைமணி நேரம் போயிருந்தது. வெயிலில் திரும்பி நடந்துவந்தேன். மூவரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த வேளையில் ஒரு போர்மனின் வாயில் என்ன வருகிறது என்பதில்தான் மிச்சமெல்லாம் இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. சொல்லியிருந்தாலும், வந்த பகிடி நல்ல பகிடி. விட்டிருக்க மாட்டேன்.

"நானா, இண்டையிலிருந்து நீங்கள்தான் எங்கட இஞ்சினியர். நீங்கள் மேல பாருங்கோ, நாங்கள் லொறி ஓட்டுறம்."

தவம் குனிந்து நின்று சிரித்தார். யூட் ஹெல்மெட்டைக் கழற்றி, "வணக்கம் இஞ்சினியர் ஐயா" என்றார். எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவர் ஹனீபா நானாதான். நான் அதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டேன்.

பெயர் நிலைத்துவிட்டது. இஞ்சினியர், கதவைத் திறங்கோ. இஞ்சினியர், டயரைப் பாருங்கோ. கந்தோர் வாசலில் நிற்கும் அலுவலகக் காவலாளிகூட அப்படித்தான் கூப்பிட்டார். ஹனீபா நானா ஒவ்வொரு முறையும் சிரித்தார்.

இரண்டு மாதம் கழித்து, நோன்பு காலத்தில், ஒரு பின்னேரக் காற்று பேசாலை வீதியோரம் மரமொன்றைக் கம்பியில் சாய்த்து, கம்பியை அறுத்தது. மறுநாள் காலை போனோம். அந்தப் பகுதி முழுவதும் முதல்நாளிலிருந்தே மின்சாரம் இல்லை. எனக்கு மேலும் ஐந்து இடங்களிலிருந்து தொலைபேசி. யூட் பியூஸைக் கழற்றினார், பையைத் தட்டினார், கம்பியில் டெஸ்டரை வைத்துப் பார்த்தார். செத்த கம்பி.

அடுத்து எர்த் வயர் கட்ட வேண்டும். கம்பிகளை ஒன்றோடொன்று பிணைத்து நிலத்தோடு இணைக்கும் வயர். அது இருந்தால் வேறெந்த வழியால் மின்சாரம் ஏறினாலும் ஆளை விட்டுவிட்டு நிலத்துக்குப் போய்விடும். கட்டப் பத்து நிமிடம் பிடிக்கும்.

"கட்டவோ அண்ணை?" தவம் கேட்டார்.

"சின்ன வேலை. விடு."

அவர் விட்டார். கேள்வி இல்லை என்பது எங்கள் குழுவின் பெருமை.

வீதிக்கு அப்பால் ஒரு தேநீர்க் கடை. அதற்குப் பின்னால் மீனுக்கு ஐஸ் வைக்கும் ஒரு களஞ்சியம். களஞ்சியத்துக்காரர் ஐஸ் உருகுவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் ஒரு ஜெனரேற்றரை இரவல் வாங்கிவந்து, யூட் டெஸ்டர் வைத்துப் பார்த்து முடிந்த பிறகு, மெயின் சுவிட்சை நிறுத்தாமலே களஞ்சியத்து வயரில் கொடுத்துவிட்டார். அந்த மின்சாரம் அவருடைய ஐஸ் பெட்டிக்கும் போனது. மீற்றரைத் தாண்டித் தெருக் கம்பிக்கும் ஏறியது. யூட்டின் பையில் பியூஸ்கள் பத்திரமாக இருந்தன.

லொறிக்குள் இருந்த ஹனீபா நானா, தேநீர்க் கடையின் சோடா பிரிட்ஜுக்குள் ஒரு வெளிச்சம் வந்ததைக் கண்டார். மங்கலான நீல வெளிச்சம். வரக்கூடாத வெளிச்சம்.

ஒரு மனிதர் இப்படியொன்றைக் கண்டால் கத்துவதற்கு ஒரு நொடி போதும். அவர் கத்தவில்லை. கதவைத் திறந்தார், இறங்கினார், வீதியைப் பார்த்துக் கடந்தார், நாற்பது அடி நடந்து கடைக்குப் போனார். நான் அவர் போவதைக் கண்டேன். நோன்பு பிடித்திருக்கிற மனிதர் தேநீர்க் கடைக்குப் போகிறார். இன்னொரு நல்ல பகிடி தானாகவே வந்தது.

"பாருங்கோடா, இஞ்சினியர் நோன்பு திறக்கப் போறார்!"

தவம் சிரித்தார். கம்பத்தின் மேலிருந்து யூட்டும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அறுந்த கம்பியின் மறுமுனையை எட்டிப் பிடித்தார்.

சத்தம் பெரிதாக இல்லை. அவர் இடுப்புப் பட்டியில் பின்னால் மடிந்து தொங்கினார். ஊரின் பாரம் தாங்காமல் அந்த ஜெனரேற்றர் அடுத்த கணமே முக்கி நின்றுபோனது. அதனால்தான் யூட் இன்று இருக்கிறார், என்னால் அல்ல. கடை வாசலிலிருந்து ஹனீபா நானா இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். "இறக்குங்கோ, இறக்குங்கோ" என்று கத்தினார். இப்போது அவருக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது.

தவம் கயிற்றால் இறக்கினார். நான் நெஞ்சை அழுத்தினேன். ஹனீபா நானா லொறியை ஓட்டினார். மன்னார் ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோதுதான் அவர் செருப்பு இல்லாமல் ஓட்டியதைக் கவனித்தேன்.

யூட்டின் வலது கையில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். நான்காம் நாள் போய்ப் பார்த்தேன். போகும் வழியெல்லாம் சொல்வதற்கு ஒரு வசனம் கட்டிக்கொண்டு போனேன்; கட்டிலருகே அது அவிழ்ந்துவிட்டது. அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நானும் சிரிச்சனான் அண்ணை." அவ்வளவுதான். பிறகு தோடம்பழம் உரித்துத் தரச் சொன்னார். உரித்தேன்.

விசாரணைக்குப் பொறியியலாளர் வந்தார். இளம் பெண், எல்லோரும் அவரை மிஸ் என்போம். மிஸ் வருவதற்கு முதல்நாள் தலைமை எழுதுநர் எனக்கு ஒரு தாளைத் தட்டச்சு செய்து கொண்டுவந்து தந்தார். "சம்பவ நேரத்தில் சாரதி அனுமதியின்றி வாகனத்தை விட்டு வெளியேறியிருந்தார். அவதானிப்பதற்கு ஆளில்லாத நிலை ஏற்பட்டது." கம்பத்தில் ஆள் நிற்கும்போது சாரதி இருக்கையில் இருக்க வேண்டும் என்பது விதி. அந்தத் தாளில் ஒரு பொய்யும் இல்லை.

"கையெழுத்துப் போடுங்கோ, விசயம் முடியும்" என்றார் எழுதுநர். "எர்த் வயர் கதையை யாரும் கேக்க மாட்டினம்."

"நானா என்ன எழுதிக் குடுத்தவர்?"

அவர் அதையும் காட்டினார். ஹனீபா நானாவின் கையெழுத்து எப்போதும் சரிந்தே இருக்கும். அன்று இன்னும் சரிந்திருந்தது. ஒரே வரி. "நான் தேநீர் குடிப்பதற்காகக் கடைக்குச் சென்றேன்."

நோன்பு காலத்தில், காலை பத்து மணிக்கு, தேநீர். என் பகிடியை அவர் தன் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டிருந்தார்.

எனக்கு விளங்கவில்லை. பேனாவை வைத்துவிட்டு அந்தக் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்.

"அவர் டீ கேட்டவரோ?"

"எங்க கேட்டவர்? வாசலில நிண்டுகொண்டு, 'தம்பி, உங்கட பிரிட்ஜ் எதில ஓடுது?' எண்டார். 'கரண்ட் வந்திட்டு நானா' எண்டன். மனுசன்ர முகம் செத்த முகமாப் போச்சு. திரும்பி ஓடினவர்."

அப்போதுதான் அந்த நாற்பது அடியும் எனக்கு முழு நீளத்தில் தெரிந்தது. அவர் ஆதாரம் எடுக்கப் போயிருந்தார். முதல்முறை ஆதாரமில்லாமல் கத்தியதற்கு என்ன கிடைத்தது என்று அவருக்குத் தெரியும். இந்தமுறை அந்த வெளிச்சம் சூரிய வெளிச்சமா, பற்றறி வெளிச்சமா, கம்பி வழியே வந்த கரண்டா என்று கேட்டு, நிச்சயப்படுத்திக்கொண்டு, யாரும் சிரிக்க முடியாத ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வரப் போனார். அதற்கு நாற்பது அடி தேவைப்பட்டது. அந்தத் தூரத்தைப் போட்டவன் நான்.

பின்னேரம் தாராபுரத்துக்குப் போனேன். ஹனீபா நானா வாசலில் மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"நானா, நீங்கள் டீ குடிக்கப் போகேல்ல."

"போனனான் எண்டு எழுதியிருக்கு."

"ஏன் அப்பிடி எழுதினனீங்கள்?"

சில்லைக் கழுவி முடித்தார். "ஐயா, கண்டனான், கண்டும் சத்தம் போடேல்ல எண்டு எழுதினா, நான் யூட்டின்ர முகத்தை எப்பிடிப் பார்க்கிறது? டீ குடிச்சவன் எண்டா வேலை மட்டும்தான் போகும். நோன்புக்குக் கணக்கு அல்லாஹ்விட்ட. அவனுக்குத் தெரியும் நான் குடிக்கேல்ல எண்டு."

"நான் மிஸ்ஸிட்ட உள்ளதைச் சொல்லப்போறன்."

"சொல்லாதேங்கோ."

"சொல்லுவன்."

"நீங்கள் எப்பவும் உங்கட பாட்டிலதான்" என்றார். பதினொரு வருடத்தில் அவர் என்னைக் குறை சொன்ன முதல் வசனம்.

நீங்கள் போர்மனாக இருக்கப்போகிறவர்கள். ஆகவே அந்த இரவில் நான் என்ன நினைத்தேன் என்பதை மறைக்கக்கூடாது. பதவி உயர்வை நினைத்தேன். எழுதுநரின் தாளில் பொய் இல்லை என்பதைப் பலமுறை நினைத்தேன். ஹனீபா நானாவே வேண்டாம் என்கிறார், அவர் விருப்பத்தை மதிக்க வேண்டும் என்றுகூட நினைத்தேன். கோழைத்தனத்துக்கு மரியாதை தெரியும். எவ்வளவு பணிவாக வந்து நிற்கிறது.

விசாரணையில் மிஸ் கேட்டார்: "சாரதி ஏன் லொறியை விட்டு இறங்கினார்?"

"நான் அவரைப் பகிடி பண்ணினபடியால் மிஸ்."

அவர் எழுதுவதை நிறுத்தினார். "விளங்கேல்ல."

தை மாதத்து விளக்கிலிருந்து சொன்னேன். இஞ்சினியர் என்ற பெயரைச் சொன்னேன்; அந்த அறையில் உண்மையான பொறியியலாளர் இருந்ததால் அது இன்னும் மோசமாகக் கேட்டது. எர்த் வயர் வேண்டாம் என்றது என் உத்தரவு என்றேன். தேநீர் என்ற வரி என் வாயிலிருந்து போனது, அவருடையது அல்ல என்றேன். கடைக்காரரைக் கேட்கச் சொன்னேன்.

"பகிடி எண்டு அறிக்கையில எழுதேலாதே" என்றார் மிஸ்.

"வேற சொல் தெரிஞ்சா எழுதுங்கோ மிஸ்."

அவர் யோசித்து, "மேற்பார்வையில் குறைபாடு" என்று எழுதினார். பரவாயில்லாத மொழிபெயர்ப்பு.

என் பதவி உயர்வு நின்றது; எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஹனீபா நானாவுக்கு அவருடைய வருடாந்தக் கடிதம் வந்தது. அவர் நன்றி சொன்னார் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை. ஆறு கிழமை என்னோடு "ஓம்", "சரி" என்ற இரண்டு சொற்களில் குடித்தனம் நடத்தினார். கண்டும் கத்தவில்லை என்பது இப்போது யூட்டுக்கும் தெரிந்துவிட்டதே. கடைசியில் தாங்க முடியாமல் முருங்கனுக்கு யூட்டின் வீட்டுக்கே போயிருக்கிறார். என்ன நடந்தது என்று யூட் எனக்குப் பிறகு சொன்னார்.

"அழுதவர் அண்ணை. நான் சொன்னன், 'நானா, நீங்கள் கத்தியிருந்தாலும் நான் இறங்கியிருக்க மாட்டன். இஞ்சினியர் திரும்பத் தொடங்கிட்டார் எண்டு சிரிச்சிருப்பன்' எண்டு."

ஆறுதலுக்காகச் சொன்னது. உண்மையும் அதுதான். ஒரு பகிடி கேட்கிறவர் காதையும் சொல்கிறவர் வாயையும் ஒரே நேரத்தில் அடைத்திருந்தது. நல்ல பகிடி என்று சொன்னேன்தானே.

நான் திருந்திவிட்டேன் என்று ஒரு காலை அறிவித்தேன். "இனிமேல் ஆரும் எதையும் பயமில்லாமல் சொல்லலாம்." தவம், ஹனீபா நானா, யூட்டின் இடத்துக்கு வந்த புது ஆள், மூவரும் தலையாட்டினார்கள். யாரும் எதையும் சொல்லவில்லை. உத்தரவு போட்டால் பியூஸ் கழலும், நாக்கு கழலாது. அதன் பிறகு அறிவிப்பதை விட்டுவிட்டு, "நேற்று நான் விட்ட பிழை எது?" என்று தினமும் எட்டு மணிக்குக் கேட்டேன். அவர்கள் சொல்லாவிட்டால் நானே ஒன்றைச் சொன்னேன். கையிருப்பு நிறைய இருந்தது. மூன்று கிழமை தவம் நிலத்தைப் பார்த்தார். பிறகு ஒருநாள், நிலத்தைப் பார்த்தபடியே, "அண்ணை, ஆள் மேல நிக்கேக்க நீங்கள் கதைச்சுக்கொண்டே இருக்கிறனீங்கள். நாங்கள் கம்பத்தைப் பார்க்கிறேல்ல, உங்கட வாயைத்தான் பார்க்கிறம்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. வரும். உங்களுக்கும் வரும். "எழுதிக்கொள்ளுறன்" என்றேன், எழுதினேன். கை கொஞ்சம் அழுத்தியது, தாள் கிழிந்தது.

அப்போதுதான் ஹனீபா நானா ஆறு கிழமைக்குப் பின் ஒரு முழு வசனம் பேசினார். "எனக்கு வாய் வேண்டாம் ஐயா. ஹோர்ன் இருக்கு. நான் அடிச்சா எல்லாரும் இறங்குங்கோ. ஏன் எண்டு நிலத்தில நிண்டு கேளுங்கோ."

அது விதியாயிற்று. இரண்டு மாதம் ஹோர்ன் அடிக்கவே இல்லை.

பிறகு ஒரு நாள், யூட்டின் இடத்துக்கு வந்த ஆள் லீவு. இந்த முழங்காலோடு நானே ஏறினேன். எர்த் வயர் கட்டியாயிற்று. கீழே பரிசோதனைக்கு வந்த மிஸ் நிற்கிறார். கம்பத்தின் உச்சியில் காற்று சட்டையைக் கழற்றப் பார்க்கிறது. ஹோர்ன் அடித்தது. நீளமாக.

"என்ன?" என்று மேலிருந்து கத்தினேன். விதியை மறந்துவிட்டேன். ஹோர்ன் நிற்கவில்லை. இன்னும் உரக்கக் கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இறங்கினேன். கால் நிலத்தில் பட்ட பிறகுதான் அவர் கையை எடுத்தார்.

"என்ன கண்டனீங்கள்?"

"அந்த வளவில ஒருத்தன் வயர் இழுக்கிறான்."

தவம் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தார். மீனவர் ஒருவர் வலை காயப்போட நீல நைலோன் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். வயர் இல்லை. கால் மணி நேரம் போயிற்று. மிஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தவம் என் வாயைப் பார்த்தார். ஹனீபா நானா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் வாயில் ஒன்று வந்து நின்றது. இதுவரை வந்தவற்றிலேயே திறமானது. அதை உங்களுக்கும் சொல்லப்போவதில்லை.

"நல்ல காரியம் நானா" என்றேன். "திரும்ப ஏறுறன்."

ஒவ்வொரு படியாக, முழங்காலைத் திட்டிக்கொண்டு ஏறினேன். உச்சிக்குப் போய், பட்டியைக் கொழுவி, குறடைக் கையில் எடுத்தேன்.

ஹோர்ன் மறுபடி அடித்தது.

இறங்கினேன்.